அத்தையும் நானும் ஆறு மாத்திரைகளும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மாமியாருக்கு அறுபத்து மூன்றாம் வயதில் கருத்தடை மாத்திரை கொடுத்தவள் நான்தான். வேண்டுமென்று கொடுக்கவில்லை. ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான்.

இதில் கூடுதல் அவமானம், நான் ஓர் உயிரியல் ஆசிரியை. அடையாறில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இனப்பெருக்க நலன் பாடத்தை வருடா வருடம் நடத்துகிறவள். "இதுல சிரிக்க என்ன இருக்கு? இது அறிவியல். வெட்கப்படாம எழுதிக்கோங்க" என்று கடைசி பெஞ்சை அதட்டுகிறவள். (கடைசி பெஞ்சு கண்ணில் இந்தக் கட்டுரை படாமல் இருக்கட்டும்.)

என் மகள் இனியாவுக்கு ஆறு மாதம் ஆனபோது அடையாறில் இருக்கும் என் மகப்பேறு மருத்துவரிடம் போனேன். அடுத்த குழந்தையை இப்போதைக்கு நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, ஏதாவது கொடுங்கள் என்றேன். நிதானமாகப் பேசுகிற டாக்டர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு விரலை மடக்குவார்.

"பால் குடுக்கறீங்க, அதனால ஒரே ஒரு ஹார்மோன் இருக்கற மாத்திரை எழுதறேன். இதுல முக்கியம் டைம். தினமும் ஒரே நேரம். இருபத்தெட்டு மாத்திரையிலயும் மருந்து இருக்கு, நடுவுல லீவெல்லாம் கிடையாது. ஒரு அட்டை முடிஞ்சா மறுநாளே அடுத்த அட்டை. லேட்டாயிடுச்சா? ஞாபகம் வந்த உடனே போட்டுட்டு, அடுத்தத வழக்கமான நேரத்துல போடுங்க. இந்த மாத்திரை பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் தாங்கும். சில வகை மூணு மணி நேரம்தான் தாங்கும், அதனால கடையில மாத்திக் குடுத்தா வாங்காதீங்க. பன்னெண்டு மணி நேரமும் தாண்டிட்டா, மாத்திரையோட ரெண்டு நாளைக்கு ஆணுறையும் வேணும். அப்புறம், மாத்திரைய அட்டையில இருந்து மொத்தமா பிரிச்சு வெளிய வைக்காதீங்க. அதுல கிழமை போட்டிருக்கறது சும்மா இல்ல."

நான் லேசாகப் புன்னகைத்துத் தலையாட்டினேன். எனக்கே பாடமா என்கிற புன்னகை. அந்தப் புன்னகையோடுதான் கடைசி விரலைக் கோட்டை விட்டேன்.

நாங்கள் இருப்பது மந்தைவெளியில், மாமனார் மாமியாரோடு. என் கணவர் பிரபு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலையில் போனால் வீட்டுக்கு வருகிறபோது இனியா தூங்கியிருப்பாள். மாமனார் பேசுவது அபூர்வம். பேப்பருக்குப் பின்னால் இரண்டு கை தெரிந்தால் அவர் இருக்கிறார் என்று அர்த்தம். வீட்டை நடத்துவது என் மாமியார் வசந்தா. அரசு அலுவலகம் ஒன்றில் ஸ்டோர் கீப்பராக முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அலுவலகத்திலிருந்து மட்டும்தான். வீட்டில் எத்தனை சோப்பு இருக்கிறது, எத்தனை பேட்டரி இருக்கிறது என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒரே பொருள் இரண்டு டப்பாவில் பாதி பாதியாக இருப்பதைப் பார்த்தால் அவருக்கு உடம்பு நமநமவென்று இருக்கும். உடனே ஒன்றில் கொட்டி, இன்னொன்றைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்.

நான் பள்ளிக்குப் போனால் இனியாவைப் பார்த்துக்கொள்வதும் அத்தைதான். வாரத்துக்கு ஒரு தடவை, குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே, "அடுத்தது எப்போ சுதா? ரெண்டையும் ஒரே கையோட வளத்துடலாமே" என்பார். ஆக, மாத்திரை விஷயம் அவருக்குத் தெரியக்கூடாது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு, ஒரு கையில் காபி டம்ளர், மறு கையில் மாத்திரை. பின்னாலிருந்து குரல்.

"என்னம்மா மாத்திரை அது?"

வைட்டமின் என்று சொல்லியிருக்கலாம். இரும்புச்சத்து என்று சொல்லியிருக்கலாம். என் கண் ஃபிரிட்ஜ் மேலே போயிற்று. அங்கே அத்தையின் தைராய்டு மாத்திரை பாட்டில் இருந்தது.

"தைராய்டு அத்தை. டெலிவரிக்கு அப்புறம் கொஞ்சம் வந்திருக்காம்."

அத்தை முகத்தில் நான் எதிர்பார்த்த கவலை வரவில்லை. பிரகாசம் வந்தது. கூட்டாளி கிடைத்துவிட்ட பிரகாசம்.

"எத்தனை பவர்?"

"உங்களுக்கு எத்தனை அத்தை?"

"அம்பது."

"எனக்கும் அம்பதுதான்." (பரீட்சையில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுகிறவர்களை இத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.)

"அட! சரி, முதல்ல அந்தக் காபிய கீழ வை. தைராய்டு மாத்திரைய யாராவது காபியோட போடுவாங்களா? நாளையிலிருந்து ஆறு மணிக்கு என்கூட. வெறும் வயிறு. அப்புறம் அரை மணி நேரத்துக்குப் பச்சைத் தண்ணி தவிர ஒண்ணும் கிடையாது."

அன்றிலிருந்து என் வாழ்க்கை ராணுவ முகாம் ஆயிற்று. காலை ஆறு அடித்தால் கட்டில் பக்கத்தில் அத்தை. ஒரு கையில் தண்ணீர், மறு உள்ளங்கையில் மாத்திரை. பள்ளி விடுமுறை, பண்டிகை, காய்ச்சல் எதற்கும் விலக்கில்லை. உலகத்தில் வேறெந்தப் பெண்ணும் கருத்தடை மாத்திரையை இவ்வளவு துல்லியமாகச் சாப்பிட்டிருக்க மாட்டாள். அதுவும் மாமியார் கையால். ஆனால் காபி ஆறரைக்குத்தான். அந்த அரை மணி நேரத்தில் நான் யாரிடமும் பேசும் நிலையில் இருக்கமாட்டேன். போதாததற்கு, "நம்ம தைராய்டுக்கு ஆகாது" என்று வீட்டில் முட்டைக்கோஸும் நின்றுபோயிற்று. முட்டைக்கோஸ் பொரியல் எனக்கு உயிர்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. தைராய்டு மாத்திரை பாட்டிலில் வரும். என்னுடையது அட்டையில், கிழமையும் அம்புக்குறியும் போட்டு வரும். அத்தை கண்ணில் பட்டால் ஒரே நிமிடத்தில் கதை முடிந்துவிடும். எனவே அத்தை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த காலி பாட்டில்களில் ஒன்றை எடுத்து, மிச்சமிருந்த இருபத்தேழையும் பிதுக்கி அதற்குள் போட்டேன். இதுவும் சின்ன, வெள்ளை, உருண்டை. அதுவும் சின்ன, வெள்ளை, உருண்டை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். (அத்தை இரண்டு நாள் ஒரு காலி பாட்டில் குறைகிறது என்று தேடினார்.)

இரண்டு மாதம் இப்படி ஓடியது. மூன்றாவது அட்டையும் பாட்டிலுக்குள் போய் இரண்டு வாரம் கடந்த ஒரு வியாழக்கிழமை. இனியா சீக்கிரம் எழுந்து அழுததால் அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். மணி ஆறு. நானே ஃபிரிட்ஜ் மேல் கைவைத்தேன். ஒரு பாட்டில்தான் இருந்தது.

"அத்தை, என் பாட்டில் எங்க?"

"அதுவா? ரெண்டும் பாதி பாதியா கிடந்துச்சு. எதுக்கு ரெண்டு பாட்டில்? ஒண்ணுல கொட்டிட்டேன்."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

நான் தரையில் உட்கார்ந்தேன். திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளாக எங்கள் இருவருக்கும் ஒரே பாட்டிலிலிருந்து மாத்திரை. என் தொண்டையில் இறங்கியது எது, அத்தையின் தொண்டையில் இறங்கியது எது?

"என்னம்மா, மயக்கமா? தைராய்டுன்னா அப்படித்தான் இருக்கும்" என்று ஓடி வந்தார்.

"அத்தை, எனக்குத் தைராய்டே இல்ல."

"பின்ன?"

சொன்னேன். மாத்திரையின் பெயர், வேலை, பொய், பாட்டில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வகுப்பில் மைக் இல்லாமல் அறுபது பேருக்குப் பாடம் நடத்துகிற எனக்கு அன்று குரல் கொசு அளவுக்குத்தான் வந்தது.

இனியா அத்தையின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"அப்போ," என்றார் கடைசியில், "ரெண்டு மாசமா முட்டைக்கோஸ் வாங்காம இருந்தேனே, அது?"

"ஸாரி அத்தை."

"அப்போ நான் இப்போ..." என்று தன் வயிற்றைப் பார்த்தார். "நானு?"

ஹாலில் பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. மாமனார் எட்டிப் பார்த்தார். "நான் ஏதாவது பண்ணணுமா?"

"நீங்க பண்ணதே போதும்" என்றார் அத்தை. பேப்பர் மறுபடி விரிந்தது.

அதற்குள் அத்தைக்குள் இருந்த ஸ்டோர் கீப்பர் விழித்துக்கொண்டார். பெரிய தாம்பாளம் வந்தது. பாட்டிலை அதில் கவிழ்த்தார். அத்தனையும் வெள்ளை. என் பள்ளிப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வந்தேன். அத்தையின் மாத்திரையில் நடுவே ஒரு கோடு. என்னுடையதில் எறும்பு எழுதியது போல ஏதோ பொடி எழுத்து. அரிசியில் கல் பொறுக்குவதுபோல இருவரும் தலையோடு தலை முட்டப் பொறுக்கினோம்.

"ஞாயித்துக்கிழமை காலைல போட்டப்புறம் உன் ஸ்டாக் எவ்ளோ?"

"பதினேழு இருக்கணும்."

"பதினாலுதான் இருக்கு. மூணு நாள், ரெண்டு பேர், மொத்தம் ஆறு உருப்படி வெளிய போயிருக்கு. அதுல உன்னது மூணு, என்னது மூணு." அத்தை நிமிர்ந்தார். "மூணும் சரியா உன் வயித்துக்கே போயிருந்தா தப்பிச்சோம். எனக்கு வந்திருந்தா?"

சொல்லிவிட்டு விரல் விட்டு ஏதோ எண்ணினார். எண்ணம் எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்தபோது தாமதமாகிவிட்டது.

"சுதா, செவ்வாய்க்கிழமை உங்க கல்யாண நாள் இல்ல?"

நான் தாம்பாளத்தையே பார்த்தேன். செவ்வாய்க்கிழமை தி.நகர் போய்ப் புடவை எடுத்து, வெளியே சாப்பிட்டு, இரண்டு கை நிறையப் பையோடும் ஒரு முழம் மல்லிகையோடும் திரும்பினோம். "இனியா என்கூடத் தூங்கட்டும்" என்று அத்தையே பெருந்தன்மையாகத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

"நான் வேற குழந்தைய என் ரூம்ல போட்டுக்கிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "கிளம்பு. புடவைய மாத்து. டாக்டர்கிட்ட போலாம்."

கிளம்பும் முன் பூதக்கண்ணாடியில் பார்த்து என் மாத்திரை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கையில் கொடுத்தார். மணி ஏழு. பன்னிரண்டு மணி நேரக் கெடுவுக்குள்தான் இருந்தேன், அன்றைக்கு மட்டும். பள்ளிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். பிரபுவுக்கு போன் செய்தேன். அன்று அதிகாலையிலேயே ஏதோ அவசரம் என்று ஆபீஸ் போயிருந்தார்.

"பிரபு, அம்மா கருத்தடை மாத்திரை சாப்பிட்டுட்டாங்க."

கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது. "எதுக்கு?"

விளக்க நேரமில்லை. வைத்துவிட்டேன்.

ஆட்டோவில் நான், அத்தை, அத்தை மடியில் இனியா, என் மடியில் இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள். ஒன்றில் ‘சுதா’ என்றும் மற்றதில் ‘நான்’ என்றும் காகிதம் ஒட்டியிருந்தது. மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் வண்டி நகரவில்லை. அத்தையின் வாய் நகர்ந்தது. கருத்தடை என்ற சொல்லை அவர் ஒரு தடவைகூட ரகசியக் குரலில் சொல்லவில்லை. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தபோது டிரைவர் திரும்பினார்.

"இன்னாமா, மாத்திர மாறிப்போச்சா?"

"ஆமாம்பா. இவளோடத நானும், என்னோடத இவளும்."

"எங்க வூட்லயும் இத்தான் போட்டுக்கினு கீது. அட்டைய செல்போன் பின்னால ரப்பர் பேண்டு போட்டு வெச்சிக்கினு கீது. அலாரம் அடிச்சிச்சுன்னா நானே கூவுவேன், ஏய், மாத்திர போட்டியான்னு. தெருவே கேக்கும். அதுல இன்னாமா கீது?"

அத்தை என்னைப் பார்த்தார். பட்டம் இரண்டு வாங்கியவளை, ஒரு ஆட்டோக்காரர் ஒரே சிக்னலில் தோற்கடித்துவிட்டார். நான் வெளியே பார்த்தேன்.

அடையாறு பாலத்தின் மேல் வண்டி நின்றபோது அத்தை குரலைத் தாழ்த்தினார். அன்றைக்கு முதல் தடவையாக.

"என்கிட்ட ஏம்மா மறைச்சே? நான் அவ்ளோ கொடுமைக்காரியா?"

"இல்ல அத்தை. நீங்கதான் அடுத்தது எப்போ, அடுத்தது எப்போன்னு..."

"அடக் கடவுளே! நான் கேக்கலைன்னா நீ தப்பா நினைப்பியோன்னு கேட்டேன். இந்த வயசுல இவ ஒருத்திய தூக்கறதுக்கே முட்டி ரெண்டும் கழண்டுபோகுது. இன்னொண்ணு வந்தா யாரு பாத்துக்கறது, நீ ஸ்கூலுக்குப் போயிடுவே, அவன் ஆபீஸ் போயிடுவான், இவரு பேப்பர் படிப்பாரு! ஒவ்வொரு தடவை கேட்டுட்டும், நீ ‘இப்போ இல்ல அத்தை’ன்னு சொல்றியான்னு நெஞ்சு படபடன்னு காத்துட்டிருப்பேன்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்து, மூக்கிலிருந்து ஒரு விநோதமான சத்தம் கிளம்பியது. அத்தைக்கும் தொற்றிக்கொண்டது. பாலம் முழுக்க சிரித்தோம். இனியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அவளும் சிரித்தாள்.

கிளினிக்கில் அந்தச் சிரிப்பெல்லாம் வடிந்துபோயிற்று. வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள்.

"என்ன பிரச்சனைம்மா?"

"கருத்தடை மாத்திரை" என்றார் அத்தை.

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். "உங்க வயசு?"

"அறுபத்தி மூணு."

பேனா நின்றது. காத்திருந்த பதினைந்து பேரும் எங்களைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் எழுந்து வந்து வணக்கம் சொன்னார். "மிஸ், நான் திவ்யா அம்மா. ட்வெல்த் பி. நேத்துதான் சொன்னா, நீங்க இந்தப் பாடத்தை ரொம்ப தெளிவா நடத்தறீங்கன்னு." பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் முதல் ஆளாக இறங்கியிருப்பேன்.

டாக்டர் இரண்டு டப்பாக்களையும் பார்த்தார். லேபிள்களைப் படித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை மடக்க ஆரம்பித்தார்.

"அம்மா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. தைராய்டு மாத்திரை ரெண்டு மூணு நாள் விட்டுப்போனா தாங்கும், இன்னைக்கே தொடருங்க. ரத்தப்போக்கு ஏதாவது வந்தா மட்டும் உடனே சொல்லணும்."

"அதெல்லாம் நின்னு பன்னெண்டு வருஷம் ஆச்சு டாக்டர்."

"அதனாலதான் சொல்றேன். சுதா, எது யாருக்குப் போச்சுன்னு தெரியாததால, நீங்க மூணு நாளும் விட்டுட்டதாவே வச்சுக்குவோம். செவ்வாய்க்கிழமைன்னா இன்னும் நேரம் இருக்கு. ஒரு அவசர மாத்திரை தரேன், பால் குடுக்கறவங்களும் போடலாம். இங்கயே போடுங்க. தினசரி மாத்திரைய அதே நேரத்துல விடாம தொடருங்க. ரெண்டு நாளைக்கு ஆணுறை. மூணு வாரம் கழிச்சு டெஸ்ட் பண்ணிப் பாருங்க, இந்த மாத்திரையில மாசாமாசம் ஒழுங்கா வராம போகலாம், அத நம்பி உக்காராதீங்க."

"அட்டையில இருந்து பிரிச்சு வெளிய வைக்கக் கூடாது. அதையும் சொல்லுங்க டாக்டர்" என்றார் அத்தை, டாக்டரின் மேஜையில் இருந்த மாதிரி அட்டையைத் திருப்பிப் பார்த்து. "இங்க கிழமையே போட்டிருக்கே! எவ்ளோ நல்லா ஸ்டாக் வெச்சிருக்காங்க!"

அடுத்த மூன்று வாரமும் என்னைவிட அதிகமாக பயந்தவர் அத்தைதான். நான் எலுமிச்சை ஊறுகாய் கேட்டால் அவருக்கு வியர்த்தது. காலையில் நான் கொட்டாவி விட்டால், "தலை சுத்துதா?" என்பார். இருபத்தோராம் நாள் மருந்துக்கடைக்கு அவரே போய், வரிசையில் நின்று, ஊருக்கே கேட்கும்படி, "கர்ப்பம் பாக்கற கிட் குடுப்பா" என்று வாங்கி வந்தார். நான் குளியலறைக்குள்ளே, அவர் கதவுக்கு வெளியே, அவருக்குப் பின்னால் இனியா தவழ்ந்தபடி. பிரபு செருப்பைக்கூட மாட்டாமல் வாசலில்.

"ஒரு கோடுதான் அத்தை!"

"நல்லா பாரு, கண்ணாடி போட்டுட்டுப் பாரு!"

"ஒரே கோடுதான்!"

கதவைத் திறந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார். கல்யாணமானபோதுகூட அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை. அன்று மத்தியானம் இரண்டு கிலோ முட்டைக்கோஸ் வந்தது.

இது நடந்து வருடம் இரண்டாகிறது. அட்டை இப்போது ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு ஊருக்குத் தெரிய நிற்கிறது. நான் பாடம் நடத்தும்போது இந்தக் கதையை, ஆள் பெயர் சொல்லாமல், ஒரு உதாரணமாகச் சேர்த்துக்கொள்கிறேன். அத்தைக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. கல்யாணம், காதுகுத்து, அபார்ட்மெண்ட் மீட்டிங் எங்கு போனாலும் இந்தக் கதையைச் சொல்வார். அவர் சாப்பிட்ட மாத்திரைகள் மூன்றிலிருந்து ஐந்தாகி, போன மாதம் மயிலாப்பூரில் ஒரு வளைகாப்பில் பதினொன்றாகிவிட்டன. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சாம்பாரை விட்டுவிட்டு என்னையே பார்த்துச் சிரித்தார்கள்.

பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் மாமனாரிடம் குனிந்து, "நிஜமாவா சார்?" என்று கேட்டார்.

மாமனார் அப்பளத்தை நிதானமாக உடைத்தார். "நிஜம்தான். நல்ல மாத்திரை சார். ரெண்டு வருஷமாச்சு, எங்க ரெண்டு பேருக்கும் ஒரு விசேஷமும் இல்லை."